கொலைகாரியின் கை என்னுடையது!

“அம்மா, சனிக்கிழமை உன் வலது கை எனக்கு வேணும். முழங்கை வரைக்கும் போதும்” என்றாள் என் மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எதுக்குடி?”

“கொலைகாரனுக்கு!”

என் கையிலிருந்த தோசைத் திருப்பி நழுவிக் கீழே விழுந்தது. இது நடந்தது 2013-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில். அந்தச் சனிக்கிழமை என் கை கொலைகாரனாக நடித்ததையும், பிறகு ஒருநாள் நான் உட்கார்ந்து அழுததையும், அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் மாறியதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழந்தை வைத்திருக்கும் சகோதரிகள் ஒரு தடவை படித்துவிடுங்களேன்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பதினாறு வயதுக்கு மேல் ‘ஏ லெவல்’ படிப்பு. என் மகள் முதல் வருஷத்துக்கு நான்கு பாடம் எடுத்தாள். உயிரியல், ரசாயனம், கணக்கு மூன்றும் நானும் என்னவரும் சொன்னவை. டாக்டர் கனவு எங்களுக்கு! நாலாவது அவளாகவே எடுத்தது, மீடியா ஸ்டடீஸ். ‘சினிமா பார்க்கிறதுக்கு ஒரு பாடமா? அதுக்கு மார்க் வேறயா?’ என்று நான் ஒரு வாரம் முணுமுணுத்தேன்.

அவளுக்கு இருந்தது ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். 2008-ல் ஆரம்பித்தது. 2017-லிருந்து புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. அன்றைய திட்டத்தின்படி, இல்லாத ஒரு கதைப் படத்தின் தொடக்கத்தை மட்டும், டைட்டிலோடு சேர்த்து 2 நிமிஷத்துக்கு மிகாமல் பிள்ளைகளே எடுக்க வேண்டும். மொத்தம் 100 மார்க். ஆராய்ச்சிக்கும் திட்டமிடுவதற்கும் 20, படத்துக்கு 60. எடுத்து முடித்த பிறகு, தன் படத்தைத் தானே எடைபோட்டு ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு 20.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னப் பயிற்சி உண்டு. ஒருவர் கதவைத் திறக்க வேண்டும். அறையைக் கடந்து வந்து, இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வேண்டும். இருவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான்!

“இதைக்கூடவா சொல்லிக் கொடுக்கணும்?” என்று சிரித்தேன். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வேறு விதமாக வந்தது. கதவுக்கு வெளியே இருக்கும்போது பெண்ணின் பை இடது தோளில். உள்ளே வந்ததும் வலது தோளில்! பேசும்போது, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துப் பேசுவது மாதிரி இருந்தது. பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, காமிரா அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கமாக நிற்க வேண்டுமாம். இவர்கள் தாண்டிவிட்டார்கள். கதவைத் திறந்து, வந்து, உட்கார்ந்து, பேசுவது அவ்வளவு சுலபமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பயிற்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் வருவேன்.

எந்த மாதிரிப் படம் என்று அவளும் அவளுடைய இரண்டு தோழிகளும் யோசித்து, திரில்லர் என்று முடிவு செய்தார்கள். “ஏன், நல்ல குடும்பக் கதை எடுக்கக் கூடாதா?” என்றேன். “ரெண்டு நிமிஷத்துல குடும்பத்தைக் காட்ட முடியாதும்மா, பயத்தைக் காட்டலாம்” என்றாள். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் பட்டது.

படம் எடுப்பதற்கு முன் ஆராய்ச்சி. ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிறந்தது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்! 1899-ல் லேட்டன்ஸ்டோன் என்ற இடத்தில், காய்கறிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அந்த ஊர் ரயில் நிலையத்தின் நடைபாதைச் சுவர்களில் அவருடைய வாழ்க்கையையும் படங்களையும் சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளால் பதித்திருக்கிறார்கள். மொத்தம் 17 சித்திரங்கள். 2001-ல் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

சின்னப் பையனாக இருந்தபோது அப்பா ஒரு சீட்டைக் கொடுத்துத் தன்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார், சீட்டைப் படித்த போலீஸ்காரர் சில நிமிஷங்கள் தன்னை அறையில் வைத்துப் பூட்டினார் என்று ஹிட்ச்காக் பேட்டிகளில் சொல்வாராம். “குழந்தையா இருக்கிறப்ப பயந்தது போகவே போகாது போலிருக்கும்மா” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. நான் “பஸ் வந்திடும், வா” என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதில் என்னைக் குத்துகிறது.

திடுக்கிட வைப்பதும், திகிலில் வைத்திருப்பதும் வேறு வேறு என்று ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் மேஜை அருகே உட்கார்ந்து பேசுகிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. நமக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதை நமக்கு முதலிலேயே காட்டிவிட்டு, அது தெரியாமல் அவர்களைப் பேசவிட்டால்? பதினைந்து நிமிஷம் நமக்கு நெஞ்சு படபடக்கும்! பார்க்கிறவருக்குத் தெரிந்து, படத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதுதான் சூட்சுமம்.

பிறகு சத்தம். 1960-ல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சியை எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். முதல் தடவை வயலின்கள் கிறீச்சிட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் படம் முழுவதற்கும் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தாராம். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டாள். நம்ப மாட்டீர்கள், கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு இருந்தேன்! பயத்தில் பாதி காது வழியாகத்தான் உள்ளே போகிறது.

‘செவன்’ என்று 1995-ல் வந்த படத்தின் டைட்டிலையும் வகுப்பில் போட்டார்களாம். அதை வடிவமைத்தவர் கைல் கூப்பர். ஒருவனுடைய கைகள் மட்டும் எதையோ வெட்டுகின்றன, தைக்கின்றன, எழுதுகின்றன. முகமே காட்டவில்லை. இங்கே திரில்லர் எடுக்கும் மாணவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் வழிகாட்டி. எனக்கும் ஒரு பெருமை வேண்டாமா? “எங்க காலத்துக்கு முன்னாடியே தமிழ்ல ‘அந்த நாள்’னு ஒண்ணு வந்ததுடி. 1954-ல! பாட்டே கிடையாது. வீணை எஸ். பாலசந்தர் டைரக்ட் பண்ணினது. ஆரம்பத்துலயே சிவாஜி துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாய்ஞ்சிடுவார். யார் சுட்டதுங்கிறதுதான் கதை” என்று எடுத்துவிட்டேன். அதையும் தேடிப் பார்த்து, ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டாள்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

பகலிலேயே ராத்திரி வேண்டுமாம்! குப்பைக்கான கறுப்புப் பைகளைக் கிழித்துச் சமையலறை ஜன்னல்களை மூடினார்கள். டியூப் லைட்டை அணைத்து, மேஜை விளக்கு ஒன்றைத் தரையில் வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த காமிராவை ஸ்டாண்டில் மாட்டினார்கள். கதை இதுதான். பெயர் ‘சாவி’. ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். அடுப்பில் குக்கர். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வெளியே ஒரு கை, சாவியைப் பூட்டில் நுழைத்து மெல்லத் திருப்புகிறது. நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் சரியாக அதே சமயம் குக்கர் விசில் அடிக்கிறது! விசில் அடங்கியதும் அவள் நிமிர்கிறாள். கதவு திறந்திருக்கிறது. டைட்டில். முடிந்தது.

என்னவர் பஸ் டிப்போ வேலைக்குப் போய்விட்டதால் அவருடைய கோட்டு எனக்கு. கையில் கறுப்பு உறை. பனியில் வாசற்படியில் நின்றுகொண்டு சாவியை நான் பதினான்கு தடவை திருப்பினேன். “ஆன்ட்டி, இன்னும் மெதுவா! நீங்க பால்காரர் மாதிரி திறக்கறீங்க” என்றாள் ஒரு தோழி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, ‘இந்தப் பெண்மணிக்குத் தன் வீட்டுக்குள்ளேயே போக வரவில்லையே’ என்பது போலத் தலையாட்டினாள். அன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். அதைப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி ஒரு நிமிஷம் ஐம்பது விநாடியாக்க மூன்று வாரம் ஆயிற்று.

வெட்டி ஒட்டும்போதுதான் ஒரு தவறு தெரிந்தது. சாவி திரும்பும் சத்தத்தோடு மெல்லிசாக ‘கிணிங்’ என்று இன்னொரு சத்தம். என் வளையல்! கோட்டுக் கைக்குள்ளே மறைந்திருந்தாலும் காமிராவின் காதுக்கு மறையவில்லை. கொலைகாரன் வளையல் போட்டிருக்கிறான்! எனக்கு ஒரே வெட்கம். ஆனால் வகுப்பில் போட்டுக் காட்டியபோது, பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் அதிகம் பயந்தார்களாம். “ஐயோ, கொலைகாரி ஒரு பொம்பளை!” என்று ஒரு பையன் கத்தினானாம். தவறே துப்பாகிவிட்டது.

கடைசியில் மதிப்பீடு வந்தது. ஏழு கேள்விகளுக்கான பதிலைத் தன் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். “அம்மா, அரை மணி நேரம் மிக்ஸி போடாதே, ப்ளீஸ்” என்று சொல்லி ஹாலில் உட்கார்ந்துகொண்டாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கீரை ஆய்ந்தேன். எங்கள் வீட்டுக் கதவு மெல்லிசு. எல்லாம் காதில் விழுந்தது.

நிஜப் படங்களின் வழக்கங்களை எப்படிப் பயன்படுத்தினாய், எங்கே மீறினாய்? சமூகத்தில் யாரை எப்படிக் காட்டியிருக்கிறாய்? எந்தக் கம்பெனி இதை வெளியிடும்? பார்க்கிறவர்கள் யார்? அவர்களை எப்படி ஈர்த்தாய்? கருவிகளைப் பற்றி என்ன கற்றாய்? முதல் பயிற்சியிலிருந்து இதுவரை என்ன கற்றாய்? ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு போனாள். இவ்வளவு தெளிவாகப் பேசுவாளா என் பெண் என்று எனக்கு ஆச்சரியம். பெரிய ஹாலிவுட் கம்பெனி இதை எடுக்காது, குறைந்த செலவில் படம் செய்யும் பிரிட்டிஷ் கம்பெனிதான் எடுக்கும் என்றாள். பதினைந்து வயதுக்குக் கீழே யாரும் பார்க்கக் கூடாது என்ற ‘15’ சான்றிதழ்தான் இதற்குச் சரி என்றாள். வளையல் சத்தம் தான் திட்டமிட்டதில்லை, தவறாக விழுந்தது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

பிறகு இப்படிச் சொன்னாள். ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் தருகிறேன்.

“இந்தப் படத்தில் நான் ஒரு விஷயத்தை மட்டும் எங்கேயும் தேடிப் போகவில்லை. நான் பதினோரு வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்து, நானே கதவைத் திறந்து, ராத்திரி எட்டரை வரை தனியாக இருந்திருக்கிறேன். எல்லா விளக்கையும் போட்டுக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்கு ரொம்பப் பயமான சத்தம், பூட்டில் சாவி திரும்பும் சத்தம். வருவது அம்மாதான் என்று தெரியும். ஆனால் முகம் தெரியும் வரை, யார் என்று நிச்சயம் இல்லையே. சின்ன வயதில் வளையல் சத்தத்தை வைத்து அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். வேலைக்குப் போனபின் அம்மா வளையல் போடுவதில்லை. அதனால் அந்தச் சாவிச் சத்தம் யாருடையதாகவும் இருக்கலாம்.”

என் கையில் கீரை அப்படியே நின்றுவிட்டது.

2007-ல் அவள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோதுதான் நான் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். நோயாளிகளைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல் எதுவும் போடக் கூடாது. கை கழுவும்போது கிருமி தங்கிவிடக் கூடாதே என்பதற்காக. காலையில் கழற்றிப் பீரோவில் வைத்தால் லீவு நாளில்தான் மறுபடி போடுவேன். எனக்கு மதியம் தொடங்கும் ஷிப்ட். என்னவர் வீடு வர ராத்திரி பதினொன்று ஆகும். வீட்டுக் கடன், ஊரில் மாமியாருக்கு வைத்தியச் செலவு... காரணம் இல்லாமல் எந்தத் தாய் இப்படி விடுவாள்? லண்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்குள் இருட்டிவிடும். அவள் வீட்டுக்குள் நுழையும்போதே இருட்டு.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நான் வேண்டுமென்றேதான் சத்தமில்லாமல் கதவைத் திறப்பேன். ‘பிள்ளை படித்துக்கொண்டிருப்பாள், தொந்தரவு செய்யக் கூடாது’ என்று சாவியை மெல்ல, மெல்லத் திருப்புவேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய்விடுவேன். என் அன்பு என்று நான் நினைத்ததே ஐந்தரை வருஷமாக என் குழந்தைக்குத் திகிலாக இருந்திருக்கிறது. அன்றைக்குப் பதினான்கு தடவை நான் நடிக்கவே இல்லை, சகோதரிகளே. தினமும் செய்ததைத்தான் செய்தேன்.

அவள் பதிவை முடித்துவிட்டு உள்ளே வந்தபோது நான் முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். “ஐயய்யோ, கேட்டுட்டியா? அது மார்க்குக்காகச் சொன்னதும்மா” என்றாள். “பொய் சொல்லாதே. ஏன் எங்கிட்ட சொல்லலை?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சொன்னா நீ வேலையை விட்டுடுவே. அப்பா கஷ்டப்படுவார். நான் பெரியவளாச்சேன்னு நினைச்சேன்” என்றாள். பதினோரு வயதில், பெரியவளாம்!

அன்று ராத்திரி என்னவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது வாசலிலிருந்தே தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார். இன்றுவரை அப்படித்தான் வருகிறார். நானும் ஆஸ்பத்திரியில் கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் காலை ஷிப்டுக்கு மாறினேன். சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும். மற்ற நாட்களில் கதவுக்கு முன்னால் நின்று, லெட்டர் போடும் துவாரத்தைத் திறந்து, “கண்ணு, அம்மா வந்துட்டேன்!” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடி வந்தாளே, அதுதான் பதில்.

என் அனுபவத்தில் கற்ற நாலு விஷயங்களைச் சொல்கிறேன். குழந்தையிடம் “பயமா இருக்கா?” என்று கேட்காதீர்கள். ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். “உனக்கு எந்தச் சத்தம் பிடிக்காது? எந்த இடத்துக்குத் தனியாப் போகப் பிடிக்காது?” என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். டி.வி.யில் ஏதாவது பார்த்து மிரண்டால் திட்டாமல் சத்தத்தை மட்டும் குறைத்து, கூட உட்கார்ந்து பாருங்கள். ‘இந்தச் சத்தத்தை எப்படிச் செய்திருப்பாங்க?’ என்று பேசுங்கள். பூச்சாண்டி பாதி ஓடிவிடுவான். ‘ரூமில் வைத்துப் பூட்டிவிடுவேன்’ என்று விளையாட்டுக்குக்கூட மிரட்டாதீர்கள். ஹிட்ச்காக் கிழவராகும் வரை மறக்கவில்லை. நாலாவது, குழந்தையைத் தனியே விடுவது பற்றி. எத்தனை வயதில் விடலாம் என்று இங்கே சட்டம் கணக்குச் சொல்லவில்லை. ஆபத்து நேரும்படி விட்டால் குற்றம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே நீண்ட நேரம் தனியே விடும் அளவுக்குப் பக்குவம் பெரும்பாலும் இருக்காது என்று குழந்தைப் பாதுகாப்புச் சங்கமான என்.எஸ்.பி.சி.சி. சொல்கிறது. எனக்கு அது தெரியும்போது என் மகளுக்குப் பதினேழு.

அவளுக்கு நல்ல மார்க் வந்தது. டாக்டர் ஆனாளா, டைரக்டர் ஆனாளா என்று கேட்காதீர்கள். இரண்டும் இல்லை. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் வேலையில் இருக்கிறாள், சந்தோஷமாக.

அந்த முதல் பயிற்சியை மறக்காமல் இருக்கிறீர்களா? கதவைத் திறந்து, அறையைக் கடந்து வந்து, எதிரே உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசுவது. ‘இதைக்கூடவா சொல்லிக் கொடுக்கணும்?’ என்று சிரித்தவள் நான். ஐந்தரை வருஷம் கதவை மட்டும் திறந்துவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அவள் தன் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே, “அம்மா, நான்தான்!” என்கிறாள். நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, ஹாலுக்கு வந்து, அவள் எதிரே உட்காருகிறேன். நீங்களும் இன்றைக்கு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்களேன். குக்கர் எங்கேயும் ஓடிவிடாது.